இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில்

செம்புக் கம்பியின் நுனியை சர்க்யூட் பலகையில் பற்றவைத்தான். ஊதினான். ஈயம் இறுகியது.

உள்ளங்கைக்குள் அடங்கும் கம்ப்யூட்டர். அதன் ஓரத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு மைக். ஏரியலுக்கு ஒன்றரை முழக் கம்பி. அவ்வளவுதான்.

ரேடியோ முள்ளை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில், வெறும் இரைச்சல் இருந்த இடத்தில் நிறுத்தினான். மைக்கை விரலால் தட்டினான்.

ரேடியோவுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்டது.



அவன் கடைக்கு நல்லசிவம் மொபைல்ஸ் என்று பெயர். அவனுடைய பெயர்தான். வீடு கடைக்கு நேர் மேலே. அங்கே அவன் மனைவி கோகிலவாணி இருந்தாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் சொல்லாமல் மேலே போனான். படியிலேயே அவள் சிரிப்பது கேட்டது. கதவைத் திறந்ததும் நின்றுவிட்டது.

அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்றாள். அவள் குளிக்கப் போனபோது ஃபோனை எடுத்துப் பார்த்தான். அம்மாதான்.

அவள் சொன்னது உண்மையாக இருந்ததுதான் அவனை உறுத்தியது.

அவனிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பலகையைச் சமையலறைப் பரணில், அண்டாவுக்குப் பின்னால் வைத்தான். அவள் அடுப்படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னங்க அது?”

“நெட்டு வேகமா வர்றதுக்கு.”

“செரிங்க.”

வேறொன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று படி இறங்கும்போது யோசித்தான்.

அதன்பிறகு, கடையில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஒரு காதில் ரேடியோவின் இயர்ஃபோன் இருந்தது. யாருடைய ஃபோனையோ பிரித்தபடி தன் வீட்டைக் கேட்டான்.

குழாய் திறந்தது. வெங்காயம் நறுக்கும் சத்தம். மிக்சி. குக்கர் விசில். மறுபடி குழாய்.

பேச்சே இல்லை.

நாள் முழுக்க ஒரு மனுஷி இப்படியா வாயைத் திறக்காமல் இருப்பாள்?

அவள் செருப்பு நடந்தால் யாரைப் பார்க்க நடக்கிறாள் என்று கேட்டான். நின்றால் யாருக்காக நிற்கிறாள் என்று கேட்டான். இரண்டு டம்ளர் ஒன்றோடொன்று உரசிய சத்தத்தை மத்தியானம் வரை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டான்.

சாப்பிட மேலே போகும்போது அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் சோறு போடுவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இயர்ஃபோனில் அவள் குரல் வந்தது.

“வந்துட்டியா? உள்ள வா.”

அவன் கையிலிருந்த திருப்புளி நழுவியது.

“பயப்படாத. அவரு கடையில இருக்காரு.”

வாடிக்கையாளர் ஏதோ கேட்டார். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். கதவு சாத்தியிருக்கவில்லை.

“எங்கடி அவன்?”

சமையலறையில் கோகிலவாணி மட்டும் நின்றிருந்தாள். பரணை அண்ணாந்து பார்த்தபடி. அண்டா நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பலகையில் பச்சை விளக்கு மினுங்கியது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தான். குளியலறையைத் திறந்தான். பின்கதவைத் தள்ளினான். வெளியே துணி காய்ந்துகொண்டிருந்தது.

“யாருகிட்டடி பேசுனே?”

அவன் குரல் இரண்டு தடவை கேட்டது.

ஒன்று சமையலறையில். இன்னொன்று ஜன்னலுக்கு வெளியே, தெருவிலிருந்து.

எட்டிப் பார்த்தான். எதிர்ச்சாரி டீக்கடை. பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரும் டீயும் குடிக்கவில்லை.

“பாட்டுக்கு நடுவுல நம்மூட்டுக் குக்கர் விசிலு அடிக்குதுன்னு டீக்கடைக்கார அக்காதான் சொல்லுச்சுங்க.” கோகிலவாணி சத்தம் போடாமல் சொன்னாள். “ஒரு வாரமா கேட்டுட்டு இருக்காங்களாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலையாம்.”

அதையும் தெரு கேட்டது.

அவன் பரணுக்குத் தாவினான். வயரைப் பிடுங்கக் கை நீட்டினான்.

“இருக்கட்டும், விடுங்க.”

அவள் அதட்டவில்லை. ஆனாலும் அவன் கை நின்றுவிட்டது.

கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து பரணுக்கு நேர் கீழே போட்டாள். உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேலே பார்த்து, யாரோ வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுவதுபோல் ஆரம்பித்தாள்.

“அக்கா, கேக்குதுங்களா?”

கீழே யாரோ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள்.