மூன்றாவது எஞ்சின்

"இந்த எஞ்சின் மூஞ்சியில இனிமே நான் முழிக்கக் கூடாது. இன்னைக்கே இறக்கிடுங்க," என்றார் சௌந்தரராஜன்.

சனத்நகர் பட்டறையில் அவருடைய லாரி நின்றிருந்தது. முந்தின நாள் வெளிவட்டச் சாலை ஏற்றத்தில் டக்டக்கென்று இடித்து, கரும்புகை கக்கி, அப்படியே படுத்துவிட்டது. இருப்பதே இந்த ஒரு லாரி. வெள்ளிக்கிழமை பம்ப் கம்பெனி லோடு சென்னைக்குக் கிளம்பாவிட்டால், வருஷ ஒப்பந்தம் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

மெக்கானிக் மோகன் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். "ஒரு தடவை திறந்து பாத்துடறேன் சார். சில சமயம் சின்ன விஷயமா..."

"நக்கோ மோகன், திறக்கவே வேணாம். ஏற்கனவே ஓடின எஞ்சினா ரெண்டு மூணு எடுத்து வைங்க. நான் எல்லாம் அலசிட்டேன்."

உண்மையிலேயே அலசியிருந்தார். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அட்டவணை போட்டிருந்தார். புது எஞ்சின்: வந்து சேர மூன்று வாரம். ஏற்கனவே ஓடிய நல்ல எஞ்சின்: நம்பகத்தன்மை பத்துக்கு எட்டு. இருக்கிற எஞ்சினை ரிப்பேர் பண்ணுவது: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குச் சிவப்பு வண்ணமும் அடித்திருந்தார்.

ரிட்டயராகும் வரை முப்பது வருஷம் அவர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தர ஆய்வு அதிகாரி. வாய் பேசாத சர்க்யூட் போர்டுகளையே சோதித்துச் சோதித்து, வாய் பேசுகிறவர்களைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் விட்டுப்போச்சு என்று இப்போது அவரே சொல்லிக்கொள்கிறார். அன்றைக்கு அது அவருக்குத் தெரியாது.

"சார், டீசல் லைன்லதான் ஏதோ..." என்று டிரைவர் எட்வின் ஆரம்பித்தான். லாரி வாங்கிய நாளிலிருந்து அவன்தான் டிரைவர்.

"நீ பேசாதே. தண்ணி பாக்காம ஓட்டி எஞ்சினைச் சுட்டு வச்சவன் நீ. எஞ்சின் விஷயத்துல நான் கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. இந்த லோடை இறக்கினதும் வேற இடம் பாத்துக்கோ."

எட்வின் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

வியாழக்கிழமை காலையில் சௌந்தரராஜன் வந்தபோது, பட்டறையில் இரும்புச் சட்டங்களின் மேல் மூன்று எஞ்சின்கள் உட்கார்ந்திருந்தன. பட்டறைக்குள் வருகிற எந்த எஞ்சினையும் கழுவிச் சாம்பல் பெயிண்ட் அடித்துவிடுவது மோகன் வழக்கம். மூன்றும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"எதுவும் சொல்லாதீங்க. காதாலயே கண்டுபிடிக்கறேன்," என்றார் அவர்.

மோகன் ஏதோ சொல்ல வாயெடுத்து, எட்வினைப் பார்த்துவிட்டு, "ஹவ் சார், சரி," என்று மட்டும் சொன்னார்.

முதல் எஞ்சின் ஓடியது. சௌந்தரராஜன் கண்ணை மூடிக் கேட்டார். "வால்வு சத்தம். வேண்டாம்." இரண்டாவது ஓடியது. "மூச்சு வாங்குது. வயசாயிடுச்சு."

மூன்றாவது ஒரே தட்டில் கிளம்பியது. புகை இல்லை, இடி இல்லை. அவர் முகம் மலர்ந்தது. "இது எஞ்சின். பொறுப்பான ஒருத்தன் கையில ஓடியிருக்கு. அவன் பாத்துப் பாத்து ஓட்டியிருக்கான், சத்தத்துலயே தெரியுது. இதுல என்னென்ன மாத்தினீங்க?"

"டீசல் பீச்சுற நாசில் ஒண்ணே ஒண்ணு அடைச்சிருந்தது. அதை மட்டும் மாத்தினேன். மத்ததுல கை வைக்கலை."

"கேட்டுக்கோ எட்வின். எஞ்சின்னா இப்படி வச்சிருக்கணும்."

எட்வின் தலையாட்டினான்.

மத்தியானம் சங்கிலியில் தூக்கி லாரியில் இறக்கினார்கள். ஒரு போல்ட்டுகூட முரண்டு பிடிக்கவில்லை. அளவெடுத்துச் செய்தது போலப் போய் உட்கார்ந்தது. சௌந்தரராஜன் மனைவி சகுந்தலாவுக்கு போன் போட்டார்.

"பிரமாதமா அமைஞ்சிடுச்சு. முப்பது வருஷ அனுபவம் வீண் போகுமா?"

"அது சரி, எட்வினை நிஜமாவே அனுப்பப் போறீங்களா? அவன் பொண்ணு இந்த வருஷம்தானே காலேஜ் சேர்ந்திருக்கா," என்றாள் சகுந்தலா.

"பாக்கலாம்," என்று போனை வைத்தார். கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஒரு நல்ல எஞ்சினைக் கொன்றவனை எப்படி வைத்துக்கொள்வது?

லாரியைப் பட்டறையைச் சுற்றி ஒரு நடை ஓட்டிக் காட்டினான் எட்வின். பூனை மாதிரி போய் வந்தது. மோகனுக்குக் கை கொடுத்துவிட்டு, சௌந்தரராஜன் பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். வேறு எஞ்சின் வைத்தால் ஆர்.சி. புத்தகத்தில் அதன் நம்பரை மாற்றி எழுதியாக வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கான படிவத்தை நேற்றே நிரப்பி, அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தார்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நம்பர் எங்கே பொறித்திருக்கிறது என்றே தெரியவில்லை. மோகனோ விரலைக்கூட நீட்டாமல் நின்றார்.

"எட்வின், இதோட நம்பர் என்னன்னு பார்."

எட்வின் லாரியின் அந்தப் பக்கம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தாமலே சொன்னான். "நாலு, ஏழு, ஒண்ணு, பூஜ்யம், ரெண்டு, அஞ்சு."

எழுதப்போன பேனா நின்றது.

"நீ குனிஞ்சுகூடப் பாக்கலியே. எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷமா இதைத்தானே சார் ஓட்டுறேன்."