பால்கோவா டப்பாவில் இரண்டு சீட்டு

அடுத்த மாதம் குடும்பத்தோடு தோஹா பயணம். மகள் ஜெமியை அங்கே பிரிட்டிஷ் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று ரோஷன் ஒற்றைக்காலில் நின்றான். இந்தியப் பள்ளிதான், நாளைக்கு ஊருக்குத் திரும்பினாலும் படிப்பு கெடாது என்று வின்சி மல்லுக்கு நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நாலு நாளாக இதே சண்டை.

“சீட்டுப் போட்டு ஜெபிப்போம். ஆண்டவர் காட்டுறதுதான் முடிவு. பொறவு யாரும் வாயைத் திறக்கப்படாது” என்றாள் வின்சி.

அவளே அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு சீட்டு எழுதி, மடித்து, காலிப் பால்கோவா டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள்.

சாப்பாட்டுக்குக்கூட ஜெபிக்காத ரோஷன், “இன்னைக்கு நானே ஜெபிக்கேன். ரெண்டு பேரும் கண்ணை நல்லா மூடுங்க” என்றான். வின்சி பக்தியோடு மூடினாள். ஜெபம் நீண்டுகொண்டே போனது.

ஆமென் சொன்னதும் ஜெமி ஒரு சீட்டை எடுத்தாள். ரோஷன் பிரித்துக் காட்டினான்.

“பிரிட்டிஷ் பள்ளி!”

வின்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது எப்படிங்க வரும்?”

“ரெண்டுல ஒண்ணு வரத்தானே செய்யும்? சீட்டு எழுதுனது நீதானே?”

வின்சி வாயைத் திறக்கவில்லை. திறந்தால், இரண்டு சீட்டிலுமே ‘இந்தியப் பள்ளி’ என்று எழுதியதை அவள் சொல்ல வேண்டியிருக்கும்.