மேல்பாதையின் சிவப்பு வட்டங்கள்

"வழியைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசினாலும் சோதனை செல்லாது. தெரியும்ல?" என்றார் சோதனைக்காரர்.

"தெரியும் சார். வாயைத் திறக்கவே மாட்டேன்" என்றாள் பெயின்ட் அக்கா.

ஏரியைச் சுற்றியிருக்கும் மலைகளில் நடைபாதைகளுக்குக் குறி வைப்பது அவள் வேலை. பாறையிலும் மரத்திலும் சிவப்பு பெயின்ட்டால் வட்டம் போட்டுக்கொண்டே போவாள். நடக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து நடப்பார்கள். அவள் விரல் நகங்களில் சிவப்பு போனதே இல்லை. ஊருக்கே அவள் அக்காதான். மாமியார்கூட ஒருதடவை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சுற்றுலாக் காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு பாதைக்கும் சோதனை உண்டு. அந்தப் பாதையில் காலே வைத்திராத ஒருவர் தலைமை அலுவலகத்திலிருந்து வருவார். குறிகளை மட்டும் நம்பி அவர் முன்னால் நடக்க வேண்டும். குறி வைத்தவர் கொஞ்சம் தள்ளிப் பின்னால் ஊமையாகப் போக வேண்டும். அவர் வழி தவறினால் பாதைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

மேல்பாதையைப் பூட்டினால் அக்காவைப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்க உட்கார வைப்பதாக மேலாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவளுக்கு அந்தப் பாதை தாய்வீடு மாதிரி. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்ட அன்றைக்குக்கூட நீ இப்படிப் பதறவில்லையே என்று காலையில் கணவர் கிண்டல் செய்தார். அன்றைக்குப் பதறியிருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பனி இன்னும் விலகவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே ஏரி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. எங்கேயோ ஒரு துடுப்பு தண்ணீரைத் தொடும் ஓசை வந்து, அதுவும் அடங்கிப்போனது. சருகு மேல் இரண்டு பேர் நடக்கும் சத்தம் மட்டும்தான்.

முதல் வளைவிலேயே அவர் குறியை விட்டுவிட்டு ஏரிப் பக்கமாக இறங்கினார். அக்காவின் கால்கள் அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டன. அவர் நாலடி போனவர் நின்றார். தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, பனியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து சரியான வழியில் ஏறினார்.

அப்பாடா, மனுஷர் ஏரியை ரசிக்கத்தான் இறங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவளும் நடந்தாள்.

வழி நெடுக இதே கதைதான். அவர் ஒரு பக்கம் போவார், நிற்பார், எதையோ கனவு காண்பது போலிருப்பார், திரும்பி வருவார். மற்ற வருடங்களில் வந்தவர்கள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடினவர்கள். ஏரி ஒன்று இருக்கிறது என்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இவரை அவளுக்குப் பிடித்துப்போனது. அவர் நின்ற இடங்களில் எல்லாம் அவளும் ஏரியைப் பார்த்தாள். இத்தனை வருடம் நடந்த பாதை புதுசாகத் தெரிந்தது. சோதனை என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

மூன்று வழி பிரியும் இடத்தில்தான் மறுபடி ஞாபகம் வந்தது. போன வார மழையில் ஒரு செடி தழைத்து, பாறையில் இருந்த வட்டத்தை முழுசாக மூடிவிட்டிருந்தது. ஓடிப்போய் அதை விலக்கிவிடக் கை துடித்தது. அவர் மூன்றில் நடுவே இருந்த வழியில் இறங்கினார். அது மண் சரிந்து, பாதியில் பள்ளத்தில் முடிகிற வழி. தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு மரமாக நின்றாள் அக்கா. போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் நின்றார். வழக்கம்போல் கொஞ்சம் கனவு கண்டார். திரும்பி வந்து இடது பக்கம் ஏறினார். அக்கா தன்னை அறியாமலே ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் போய்க்கொண்டே இருந்தார்.

உச்சியில் பனி விலகி, மொத்த ஏரியும் காலடியில் விரிந்து கிடந்தது. பாதையைத் திறந்து வைக்கலாம் என்றும், தலைமை அலுவலகத்தில் தானே சொல்லிவிடுவதாகவும் அவர் சொன்னதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் கேட்டே விட்டாள்.

"அந்த மூணு வழி பிரியற இடத்துல குறியைச் செடி மறைச்சிருந்துச்சே, எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

அவர் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். பிறகு, கூட்டம் வருவதற்குள் எல்லா வட்டங்களையும் மஞ்சளாக மாற்றிவிட முடியுமா என்று கேட்டுவிட்டு, மாற்றியதும் தான் ஒருநாள் தனியாக வந்து நடந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவு மோசமாவா சார் இருந்துச்சு என் குறி?"

"தப்பு உங்க மேல இல்லக்கா. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும், அது ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது" என்றார் அவர் மெதுவாக. "இந்தக் காட்டுல உங்க குறி ஒண்ணுகூட என் கண்ணுல படலை. தப்பான பக்கம் போனா பின்னால உங்க பூட்ஸ் சத்தம் நின்னுடும், சரியான பக்கம் போனா மறுபடி கேட்கும். நின்னு நின்னு அதைக் கேட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."