காணாதவற்றின் கணக்கு

கறுத்த முதுகு ஒன்று நீரைக் கிழித்து எழுந்தது.

அவள் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

நேற்று வரைக்கும் அது சுலபமாக இருந்தது.

நோர்வேயின் வடகடலில் திமிங்கிலங்களை எண்ணப் புறப்பட்ட கப்பல் அது. உயரக் கம்பத்துக் கூண்டில் கிழட்டு மாலுமி ஹால்வார். கடுகு சிதறினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவருக்கு. கீழே, சுக்கான் அறையின் கூரைமேல் அவள். நடுவில் தார்ப்பாய். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. முதுகு தெரிந்தால் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தி, கண்டேன் என்று சொல்ல வேண்டும். அது பதிவாகும்.

எண்ணிக்கை கூடினால், எத்தனை திமிங்கிலங்களைக் கொல்லலாம் என்ற அனுமதியும் கூடும்.

அதனால்தான் அவள் சொல்வதில்லை. சந்தேகம் வராமல் இருக்க இடைக்கிடை ஒன்றைச் சொல்வாள். மற்றவற்றை விட்டுவிடுவாள்.

போன கோடையில் ஒரு வேட்டைப் படகைப் பார்த்திருந்தாள். பிடித்த திமிங்கிலத்தின் வயிற்றை வெட்டியபோது உள்ளே குட்டி இருந்தது. குழாய்த் தண்ணீரை அடித்து அதைக் கடலுக்குள் தள்ளினார்கள். பிறகு கோப்பி குடித்தார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. அன்றிலிருந்து பசிகூடச் சரியாக வருவதில்லை.

இந்த வேலைக்கு மட்டும் நாயாய் அலைந்தாள்.

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாள். கணக்கை எப்படிப் போடுவார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பிடிபட்டுவிடுவோம் என்று பயம்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் ஜெயசீலன் அண்ணை தானாகவே சொன்னார். கப்பலில் அவளைத் தவிர இருந்த ஒரே தமிழர். பதிவுகளை எல்லாம் கணக்காக்குவது அவர் வேலை.

"மேல நிக்கிற மனுசன் கண்டதில அரைவாசியை நீங்கள் காணேல்லைத் தங்கச்சி."

அவள் தட்டைப் பார்த்தாள்.

"அது உங்கட பிழையில்லை. கண்ணெண்டால் தவறத்தான் செய்யும். அதுக்குத்தானே ரெண்டு பேரை நிப்பாட்டுறது. ஒராள் இவ்வளவைத் தவற விட்டால், ரெண்டு பேற்ற கண்ணிலயும் படாமல் போனது எவ்வளவு இருக்கும்? அதையும் சேர்த்துத்தான் கணக்கு."

"அப்ப தொகை கூடுமோ அண்ணை?"

"இந்த முறை நல்லாக் கூடும்."

உருளைக்கிழங்குச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். நல்ல மனிதர்.

அவள் போட்டுச் சாப்பிட்டாள். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. போய்ப் படுத்தாள். நித்திரையும் வந்தது. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது அந்த முதுகு மறுபடியும் எழுந்தது. கப்பலுக்கு மிகப் பக்கத்தில்.

ஹால்வார் கண்டிருந்தால், அவள் பேசாமல் இருப்பது தொகையைக் கூட்டும்.

அவர் காணாமல் இருந்தால், அவள் பேசுவது கூட்டும்.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். தார்ப்பாய்தான் தெரிந்தது.

இன்னும் ஒரு தரம் எழும். பிறகு ஆழத்துக்குப் போய்விடும்.

பொத்தானை அழுத்தினாள்.

சொல் வரவில்லை. விரலை எடுக்கவும் முடியவில்லை.

பக்கத்தில் அது எழுந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது.

பதிவானது அது மட்டும்தான்.