பின் அறைக்கு ஒரு குழாய்

“சத்தம் வருமா?” என்று நோரீன் கேட்டபோது, ஹீட்டர் குழாய் போட வந்த டாரல் இடுப்பு வரை தரைக்கு அடியில் இருந்தான்.

துணி அலமாரிக்குள் ஒரு பலகையைத் தூக்கினால் வீட்டின் அடிவயிறு. மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவில், ஓர் ஆள் படுத்து நகரும் உயரம். ஹீட்டரிலிருந்து அறை அறையாகச் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் அங்கே வெள்ளி நிறத்தில் புடைத்துக் கிடந்தன.

புதிதாகக் கட்டிய பின் அறைக்கும் ஒன்று இழுக்க வேண்டும். பல்லாரட்டில் ஜூன் மாதம் கடுங்குளிர்காலம்; சூடில்லாத அறையில் நோயாளியைப் படுக்க வைக்க முடியாது.

“ஒரு பொட்டுச் சத்தம் வராது நோரீன். ஹீட்டர்லேர்ந்து தனியா லைன் இழுக்கிறேன். மெர்வ் அந்த ரூம்ல உக்காந்து டிரம் அடிச்சாலும் உங்க ரூமுக்குக் கேக்காது.”

நோரீன் சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

வெள்ளிக்கிழமை நோரீனின் கணவர் மெர்வ் வீட்டுக்கு வருகிறார். பக்கவாதம் அவருடைய பேச்சை முழுதாக வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் பழைய படுக்கையறை வாசலில் திரும்பி நுழையவில்லை. அதனால் சர்ச் சபைக்காரர்கள் சனிக்கிழமைகளில் வந்து பின் வராந்தாவை அடைத்து அறையாக்கிக் கொடுத்தார்கள். கட்டிலும், அவரைத் தூக்கி இறக்கும் கருவியும், சக்கர நாற்காலியும் போட்டபின் அங்கே ஒரு ஸ்டூலுக்குத்தான் இடம் மிஞ்சியது.

டாரலுக்கு மெர்வை, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பில் பழக்கம். “பின்னாடி ஒரு ரூம் கட்டிட்டுத் தனியாப் போயிடப் போறேன்” என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஏன் என்று யாராவது கேட்டால் நோரீனைப் பார்த்துக் கண்ணடிப்பார். நோரீன் அவர் முதுகில் ஓர் அடி வைப்பார்.

இப்படியா அந்த அறை வர வேண்டும் என்று டாரல் நினைத்துக்கொண்டான்.

மெர்வ் வீட்டுக்கு வருவதும் தற்காலிகம்தான். ஆஸ்பத்திரியில் மெர்வ் இரவில் தூங்குவதே இல்லையாம். எதையோ கேட்கப் பார்ப்பவர்போல் தலையைச் சாய்த்து விழித்தே கிடக்கிறாராம். பிறகு எழப் பார்த்து விழுகிறாராம். வீட்டிலும் தூங்காமல் விழுந்தால் முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கர்த்தர் சித்தமானால் தூங்குவார் என்று நோரீன் காலையில் தேநீர் கொடுக்கும்போது சொன்னார். சொல்லும்போது அவர் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் ரூமுக்கு வர்ற குழாயிலேர்ந்தே அங்க ஒரு கிளை எடுக்க முடியாதா?” என்று இப்போது கேட்டார்.

முடியும். ஆனால் எந்தக் குழாய்க்காரனும் செய்யமாட்டான். இரண்டு படுக்கையறைகளை ஒரே குழாயில் கிளை பிரித்தால் ஓர் அறையின் பேச்சு மற்றதில் போய் விழும். பக்கத்து ஊரான புனின்யாங்கில் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை முழுதும் மாமியார் அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ செய்த அந்த வேலையைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தவன் டாரல்தான். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னான்.

மெர்வ் இருமினால் தனக்குக் கேட்க வேண்டும் என்று பயப்படுகிறார்போல, என்று அவனுக்குத் தோன்றியது. அதற்குத்தான் மகள் கருவி வாங்கி வைத்திருக்கிறாளே. குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்கும்படி தொட்டிலருகே வைப்பார்களே, அது. நோரீனின் தலைமாட்டில் பச்சை விளக்கோடு தயாராக இருந்தது. அதைக் காட்டினான்.

“அது அவர் சத்தத்தை எனக்குக் கொண்டுவரும்ப்பா.”

நோரீனின் முகம் சிவந்துபோயிருந்தது.

இரவு ஜெபத்தை மெர்வ் காதில் விழும்படி சொல்ல நினைக்கிறார்போலும் என்று டாரல் எண்ணிக்கொண்டான். வெளியே போய் வண்டியில் தேடினான். பஞ்சு வைத்த குழாய் சத்தத்தைப் பாதி விழுங்கிவிடும். சாமான்களுக்கு அடியில் கிடந்த வெறும் தகரக் குழாயை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி தரைக்கு அடியில் இறங்கினான். படுக்கையறைக்குப் போகும் குழாயை அறுத்து, கிளை வைத்து, தகரத்தைப் பின் அறை வரை கொண்டுபோனான். சூடு வீணாகாமல் மேலே கம்பளியால் இறுக்கிச் சுற்றினான். தொழில் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் சிரிப்பான். பார்க்கட்டும்.

முடிந்ததும் காற்று ஓடியது. பின் அறைத் தரையில் காற்று வரும் கம்பித் தட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். நல்ல சூடு.

ஹீட்டரை இரவு வேகத்துக்குக் குறைத்துவிட்டு, கட்டிலின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். நோரீன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. குழாய் வழியே ஏதாவது கேட்டால் குரல் கொடு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டாரல் தொப்பியைக் கழற்றினான். ஜெபமென்றால் தலை மூடியிருக்கக் கூடாதே.

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

பிறகு தரையிலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. மெதுவாக ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, விசிலடித்து இறங்கியது. மறுபடி ஏறியது.

டாரல் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்பு வந்த அதே வேகத்தில் நின்றும் போனது. தலையைச் சாய்த்து விழித்துக் கிடக்கும் மெர்வ் அவன் கண்முன் வந்தார்.

குறட்டை நின்றது. குழாய் வழியாக நோரீனின் குரல் வெட்கத்தோடு வந்தது.

“கேக்குதா டாரல்? நிஜத்துல இதைவிட ஜாஸ்தியா இருக்கும்னு அவர் சொல்லுவாரு.”

டாரல் குனிந்து, கம்பித் தட்டின் வாயை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தான்.