கன்னத்தில் மை

வயல்வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைத் திருத்தணி மிஷன் கொட்டகையில் தேவசுந்தரியிடம் விட்டுப்போவார்கள். பொரிகடலை கொடுத்து, முகம் கழுவி, தலைவாரி வைப்பாள். "எனக்குத் தெரிஞ்ச வேலை இதான், அதுவும் சுமாராத்தான்" என்பாள்.

கொஞ்ச நாளாகச் சாயங்காலத்தில் பிள்ளைகளின் கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு இருந்தது. அவள் வைக்கவில்லை. யுத்தத் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் இல்லாமல், மை கூட்ட கொட்டகையில் விளக்குக்கரிகூடக் கிடையாது. அழித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி இருந்தது.

பாதிரியாருக்கு அது அஞ்ஞானப் பழக்கம். "இன்னிக்கு ஒரு மூஞ்சில பொட்டு இருந்தாலும் கொட்டகைய மூடிடுவேன்."

"நான் வெக்கிலிங்க ஐயா."

"பின்ன, தேவதூதன் வந்து வெச்சிகினு இருக்கானா?"

பிள்ளைகளை நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன. தேவசுந்தரிக்கு உயிர் வந்தது.

"ஆங், இப்படித்தான் பாத்துக்கணும்" என்று திரும்பி நடந்தார். அவர் காதுக்குப் பின்னால், நரைமுடிக்குக் கீழே, ஈரம் காயாத மைப்பொட்டு.

"சொல்லாதக்கா, அழிச்சிடுவாரு" என்று பிள்ளைகளில் சின்னவள் ரஞ்சிதம் கிசுகிசுத்தாள்.

தேவசுந்தரி சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வைத்ததைவிட அது சற்றுப் பெரிதாகவே இருந்தது.