ரோசியின் மோப்பம்

தூத்துக்குடியில் இப்போது யார் வீட்டுக்கும் சாவி கிடையாது. உள்ளே இருக்கும் நாய் மோந்து பார்த்து வாலை ஆட்டினால்தான் கதவு திறக்கும். அதனால் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், நாய் தங்களை மறந்துவிடக் கூடாதென்று, உடுத்திய கைலியைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டுவிட்டுப் போவார்கள்.

நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பிய லூர்துராஜ், கதவுத் துளையில் கையை நீட்டினான். ரோசி உறுமியது.

“ஏட்டி சகாயம், என் கைலிய இதுக்குப் போட்டியா இல்லியா?”

“போட்டேனே. அதுமேலதான படுத்துக் கெடக்கு” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. அவன் கப்பலேறிய அன்றே அதைச் சோப்புப் போட்டு, வாசனை போக அலசியிருந்ததை அவள் சொல்லவில்லை.

அவன் கதவை ஓங்கி உதைத்தான். அந்தச் சத்தம் கேட்டதும், பழைய பழக்கத்தில், மகள் ஸ்டெல்லா கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். ரோசி பின்னாலேயே ஓடி அவள் கழுத்தை மோந்தது. பிறகு வாசலுக்குத் திரும்பி, துளையில் மறுபடி நீண்ட கையை மோந்தது. திரும்பவும் போய் ஸ்டெல்லாவை மோந்தது. இரண்டிலும் ஒரே ரத்தத்தின் வாடை.

“ரோசி, இங்க வா” என்றாள் சகாயமேரி. அதை வாசலுக்குப் போகவிடாமல் மறிக்கப் பார்த்தாள்.

ரோசி கதவருகே வந்து நின்று, மெல்ல வாலை ஆட்டியது.